வலியைத் தவிர வேறு ஏதாவது

மௌனசாமியாருக்கு,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். ஒழுகுகிற குழாயைப் பார்க்க பிளம்பர் வருவார். அவர் கூப்பிட்டால் வாயைத் திறந்து ஒரு குரல் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆள் இல்லாத வீடு என்று திரும்பிவிடுவார்.

என் இடுப்பு வலிக்காக டாக்டர் போகச் சொன்ன கவுன்சிலிங்குக்கு நேற்று உங்களையும் கூட்டிப் போனது என் தப்புதான். அந்த அம்மா உங்களிடம் என்ன சொன்னார்? "வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்காதீங்க சார். கேக்கக் கேக்க அவங்க நினைப்பெல்லாம் அங்கேயேதான் நிக்கும்." அவ்வளவுதான். பெண்டாட்டியோடு பேசவே கூடாது என்று அவர் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. நீங்களோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க டிவியோடு குடும்பம் நடத்தினீர்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்த ஒரு கேள்வியை எடுத்துவிட்டால் நமக்குள் பேச ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷமாக நீங்கள் என் இடுப்போடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள், நடுவில் நான் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சாயங்காலம் நான் தையல் கடையிலிருந்து வந்ததும் என்னிடம் வேறு ஏதாவது கேளுங்கள். எதுவானாலும் சரி. யோசித்து வைக்கத்தான் பகல் முழுக்க இருக்கிறதே.

சாவி ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது.

பி.கு.: காயில் உப்பு குறைவு. அதற்காகவாவது வாயைத் திறப்பீர்களா பார்க்கலாம்.

இன்னொன்று, இடுப்பு இன்றைக்குப் பரவாயில்லை. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.