உனக்கு ஜோடியாக்கின படம்

என் ஆசை அக்கா தனம்,

அன்றைக்குப் புத்தூர் ஸ்டுடியோவில் இருந்தவர்கள்: உன் மகன் செல்வம், அவன் பெண்டாட்டி கவிதா, கம்ப்யூட்டர் முன்னால் ஜோசப், பின்னால் நாற்காலியில் நான். நீயும் இருந்தாய். கல்யாணமான புதுசில் எடுத்த உன் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சட்டத்தோடு கழற்றி, செல்வம் மடியில் வைத்திருந்தான்.

மாமா போன சேதி உனக்கு வந்திருக்கும். காரியத்துக்கு ஸ்ரீரங்கத்து வீட்டில் மாட்ட அவருக்கு ஒரு படம் வேண்டுமே. செல்வம் போனில் இருந்தது முக்கொம்பில் எடுத்த கலர் படம். அவருக்கு வெள்ளைச் சட்டை. பக்கத்தில் நான், அவர் தோளில் என் கை, கை நிறைய சிவப்பு வளையல்.

ஜோசப் முதலில் என்னை வெட்டினார். சரி, செத்தவரோடு உயிரோடிருப்பவளை மாட்டக் கூடாது. தோளில் கை மட்டும் மிச்சம். அப்புறம் கலரையும் எடுத்தார்.

"எதுக்குப்பா? கலர்லயே மாட்டலாமே."

"அம்மா படம் கறுப்பு வெள்ளை, சித்தி. ஜோடி சேரணும்ல?" என்றான் செல்வம்.

அம்மாவாம். பால்குடி மறக்காத பிள்ளையை என் இடுப்பில் விட்டுக் கண்ணை மூடினவள் நீ. இன்றைக்கும் நான் சித்தி.

கலர் போனதும் மாமா முகம் இருண்டுபோச்சு. நீயோ பவுடர் பூசிப் பளீரென்று இருக்கிறாய். "கறுப்பு வெள்ளையில சிவப்பை ஏத்தினா, சிவப்பா இருந்ததெல்லாம் வெளுக்கும், முகமும்தான்" என்று ஜோசப் திரையில் எதையோ தள்ளினார். முகம் வெளுத்தது. கூடவே என் வளையலும் வெளுத்து, கையும் வெளுத்து, சட்டையோடு சட்டையாக மறைந்தே போச்சு.

"அப்பாடா, கையை அழிக்கிற வேலை மிச்சம்" என்றாள் கவிதா.

"இறக்குப்பா. அந்த மனுசன் கறுப்புதான். சோறு போட்டவளுக்குத் தெரியாதா?"

ஜோசப் தயங்கினார். "ஐயாவே போன தை மாசம் வந்து சொன்னாங்க பாட்டி. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என் தனத்துக்குப் பக்கத்துல பொருத்தமா இருக்கிற மாதிரி போட்டுக் குடுன்னு."

என் தனமாம். செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சொல்லிவைத்தது அவனுக்கும் தெரியும்.

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலை பாட்டி."

அப்படி என்னதான் கொடுத்தாய் அக்கா அவருக்கு? உன்னோடு வாழ்ந்தது எத்தனை நாள், என்னோடு எத்தனை காலம்? நாளைக்கு நான் போனால் என்னை எந்தப் பக்கம் மாட்டுவார்கள்?

நான் எழுந்திருக்கவில்லை. இறக்கினால்தான் ஆச்சு என்று உட்கார்ந்தேன். இறக்கினார். முகம் இருண்டது, என் வளையல் ஒவ்வொன்றாகக் கறுத்துத் தோளில் ஏறியது. அப்படியேதான் பிரிண்ட் போட்டோம். யார் கை என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இதோ, இந்த வெறுங்கைதான் என்று நீட்டிக் காட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை உனக்குப் பூ வைப்பதை நிறுத்த மாட்டேன், சத்தியம். அவருக்குச் செல்வம் வைக்கட்டும். உன்மேல் எரிச்சல் உண்டு, பகை இல்லை. செல்வம் நான் வளர்த்த பிள்ளை, விட்டுவிட்டேன். மன்னிக்க முடியாதது ஒருத்தரைத்தான். புருசன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாதாம், அந்தப் பெயரை ஒரு நாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்: கோவிந்தசாமி.

உன் தங்கச்சி, அவர் பெண்டாட்டி,
சரோஜா