எண்ணெய்த் தலையும் இரண்டு மதிப்பெண்களும்

டாக்டரம்மா,

இன்று காலை உங்கள் சோதனைப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. வட்டம், சதுரம் என்று பிள்ளைகள் பலகைக் குழிகளில் பொருத்தும் அந்த மரத்துண்டுகளில் எத்தனை துடைத்தும் நல்லெண்ணெய் வாசம் போகவில்லை.

பள்ளிக்கூடங்கள் அனுப்பிய பிள்ளைகளின் அறிவைத் தென்காசியில் நாம் அளந்த காலம் அது. கடிகாரத்தோடு நீங்கள், நோட்டோடு உங்கள் நர்ஸ் நான். பண்பொழியிலிருந்து வந்த சிறுமி வடிவுக்கு முதல்முறை அறுபத்தெட்டு வந்தது. 'மந்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். மாதக் கடைசியில் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியிலிருந்து பதில் வந்தது. அவள் அம்மா அழுததைப் பார்த்து மறுபடி வரச் சொன்னீர்கள். இரண்டாம் முறை தொண்ணூற்றாறு.

கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு, "போன தடவை வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணினீங்க?" என்று அந்த அம்மாவிடம் கேட்டீர்கள்.

"தலையச் சோதிக்கப் போறாவன்னு சொன்னாவ. அழுக்குத் தலையோடயா கூட்டியார முடியும்? எண்ணெ தேச்சு, குத்தாலத்துல குளிப்பாட்டிக் கூட்டியாந்தேன். இன்னைக்கு நேரமில்லம்மா, அப்படியே வந்துட்டோம்."

சாரல் தொடங்கினால் உங்களுக்கு மூக்கடைப்பு, வாசம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. பாதிப் பிள்ளைகள் எண்ணெய்த் தலையோடு, குளியல் தந்த தூக்கத்தில் கண் சொக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும், டாக்டரம்மாவுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "ஏன் சொல்லலை?" என்று ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுக் குடையை எடுத்தீர்கள். வடிவின் பள்ளிக்கூடம் வரை நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

"எழுதினது எழுதினதுதானேம்மா" என்று தலைமையாசிரியர் இழுத்தார்.

"என் கையெழுத்துதானே? குடுங்க, நானே கிழிக்கிறேன்."

டாக்டர் ஒருவர் தன் தப்பைத் தானே சொல்லி அவர் கேட்டதில்லை போலும். காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். வடிவின் பெயர் பதிவேட்டில் நின்றது. நீங்கள் அதோடு நிற்கவில்லை. அந்தச் சாரலில் அனுப்பிய எல்லாக் காகிதங்களையும், சுரண்டை வரை போய், தும்மிக்கொண்டே திரும்ப வாங்கினீர்கள். வரும் வழியில் ஒரு கோரைப்பாயும் வாங்கினீர்கள்.

இப்போது கடிகாரம் என் கையில். இன்று வந்த பெண்பிள்ளைக்கும் நெற்றியில் எண்ணெய் வழிந்தது. "ரொம்பத் தூரத்துல இருந்து வாரோம், இன்னைக்கே பாத்துருங்க" என்று அவள் அப்பா கெஞ்சினார். நான் பெட்டியை மூடிவிட்டேன்.

உங்கள் பாயில்தான் தூங்குகிறாள். எழுந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.