உங்கள் கப்பல்தான் பெரியது, அத்தை

என்றும் என் பாசத்துக்குரிய அத்தைக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உங்கள் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுகிறேன், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்தியவள் நான். மன்னிப்பையும் நாலு பேர் படிக்கும்படி கேட்பதுதான் முறை.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகன் ஜெலாப்பாங் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பகலெல்லாம் டிவி, சாயங்காலமானால் உங்கள் கறிவேப்பிலை மரத்தோடு சண்டை. செமோர் பக்கம் நீங்களும் மாமாவும் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் பேத்தி கவிதாவுக்கு இது ஏழாம் மாதம். நீங்கள் இருந்திருந்தால் அவளை மாடிப்படி ஏறவே விட்டிருக்க மாட்டீர்கள்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பது வருடம் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் சும்மா இருப்பேனா? எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பேசுகிறேன். ‘வரலாற்றை மாற்றிய கப்பல்கள்’ என்று ஒரு பாடம் வைத்திருந்தேனே, நினைவிருக்கிறதா? கொலம்பசின் சாந்தா மரியா, அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிப்போன மேஃப்ளவர், மலாக்காவைக் கொள்ளையடித்துக்கொண்டு போகும் வழியில் மூழ்கிய போர்த்துகீசியக் கப்பல், கடைசியில் டைட்டானிக். வருடா வருடம் ஒரே பாடம். மாணவர்கள் அசையாமல் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

மலாக்காவில் அந்தக் கொள்ளைக் கப்பலின் மாதிரி ஒன்றைக் கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளி விடுமுறையில் உங்களையும் அழைத்துப் போனேன். நீங்கள் இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து பார்த்தீர்கள். “கொள்ளையடிச்சவன் கப்பலுக்கு வரிசையில நின்னு பாக்குறானுங்க. நம்ம ஜனத்தக் கொண்டாந்து சேத்த கப்பல எங்கயாச்சும் வச்சிருக்கானுங்களா?” என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு உங்களுக்குக் குளிரக் குடிக்கச் செண்டோல் வாங்கப் போனேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன், அத்தை. கவிதாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள். ஈப்போவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் செட்டிநாட்டுக் குடும்பம். நாம் தோட்டத்து ஆட்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் அதை யாரும் அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா தாம் போய்வந்த உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேசினார். பேச்சு டைட்டானிக்குக்குப் போனது. நான் என் பாடத்தை அவிழ்த்துவிட்டேன். எல்லோரும் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் கேசரித் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தீர்கள்.

“டைட்டானிக் என்னா பெருசு? நாங்க வந்த ரஜூலாவுல அதவிட ஜனம் ஏறுச்சுலா. டெக்குல பாய்க்கு மேல பாய். கால் வைக்க எடமில்ல. பெனாங்கு வந்ததும் எறக்கி, தீவுல கொண்டு போயி...”

“அத்தை!” என்றேன். “டைட்டானிக் அந்தக் காலத்துல உலகத்திலேயே பெரிய கப்பல். நீங்க வந்தது சாதாரணக் கப்பல். தெரியாத விஷயத்தைப் பேசாதீங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் மகனும்.

“ஆமாலா, எனக்கு என்னா தெரியும்? டீச்சர் சொன்னா சரிதான்” என்று தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். அதுவரை என்னை ‘சாந்தி’ என்றோ செல்லமாக ‘ஆயி’ என்றோ கூப்பிட்ட நீங்கள், அன்றிலிருந்து ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். நான் அதை மரியாதை என்று நினைத்தேன், அத்தை. அதை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் யாரிடமும் நீங்கள் ரஜூலா பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

போன மாதம் ஈப்போவில் ஒரு வாசகர் வட்டத்தில் அதே பாடத்தைப் பேசக் கூப்பிட்டார்கள். பழைய குறிப்பையே வாசித்தால் போதாது என்று புத்தகங்களைப் புரட்டினேன். ஓரிடத்தில் ரஜூலாவின் பெயர் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது வருடம் ஓடிய கப்பல். ஒரே பயணத்தில் டைட்டானிக்கில் போனவர்களைவிட அதிகம் பேரைத் தளத்தில் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்ததாம். நம்பாமல் இன்னொரு புத்தகத்தைப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். சாந்தா மரியா தரைதட்டி உடைந்தது. கொள்ளைக் கப்பல் மூழ்கியது. டைட்டானிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரஜூலா நம் பேராக் மாநிலத்தில் பாதித் தமிழர் வீட்டு ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடைசியில் பழைய இரும்பாகப் போயிற்று. மூழ்கினால்தான் வரலாற்றில் இடம் கொடுப்போமா? முப்பது வருடம் வரலாறு நடத்தியவளுக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றவில்லையே.

ஆனால் என் தப்பு அறியாமை மட்டும் என்று எழுதினால் அதுவும் பொய்தான். உள்ளதைச் சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் அடுத்து என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். நோய் பரவாமலிருக்கப் புதிதாக வந்தவர்களை அடைத்துவைக்கும் அந்தத் தீவில் உங்களை வரிசையில் நிறுத்தியதை, தலையில் மருந்துத் தண்ணீர் ஊற்றியதை, கட்டியிருந்த புடவையைக்கூட வாங்கி ஆவியில் போட்டதை. பத்தொன்பது வயதுப் பெண் கூசிக் குறுகி நின்றதை. அதைச் சம்பந்தி வீட்டார் கேட்டுவிடக் கூடாது என்றுதான் குறுக்கே பாய்ந்தேன். டைட்டானிக் எனக்கு ஒரு சாக்கு. கூசி நின்ற உங்களுக்காக நான் கோபப்பட்டிருக்க வேண்டும். உங்களை நினைத்து வெட்கப்பட்டேன்.

சம்பந்தி அம்மாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க மாமியாரும் ரஜூலாவுலதான் வந்தாங்க சம்மந்தி. டெக்குலதான். அந்தத் தீவப் பத்தி நாங்க கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாங்க. அன்னிக்கு உங்க அத்தை சொல்ல வந்தப்ப, சரி, இவங்க வாயாலயாவது கேட்டுக்குவோம்னு நெனச்சேன். நீங்க நிறுத்திட்டீங்க.”

கேட்டீர்களா அத்தை? யாருக்குத் தெரியக் கூடாதென்று உங்கள் வாயை அடைத்தேனோ, அவர்கள்தான் கேட்கக் காத்திருந்தார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை உங்கள் மகனிடம்கூடச் சொன்னதில்லை. பத்து காஜா ஊர் மருத்துவமனையில் உங்கள் கடைசி வாரம். பார்வையாளர் நேரம், உங்கள் பக்கத்தில் நான் மட்டும்தான். கண்ணை மூடியபடியே, “ராசாம்பா, பாயக் கொஞ்சம் தள்ளிப் போடுலா, காலு மரத்துப்போச்சு” என்றீர்கள். திரும்பத் திரும்ப அதையே. நம் சொந்தத்தில் ராசாம்பா என்று யாருமில்லை. மலாய்த் தாதி போர்வையைச் சரிசெய்துகொண்டே, “சியாப்பா ராசாம்பா?” என்று கேட்டாள், அது யார் என்று. “ஒன்றுமில்லை, உளறுகிறார்” என்று மலாயில் சொன்னேன்.

நீங்கள் கப்பலில் இருக்கிறீர்கள் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்தது, அத்தை. குனிந்து, “யாரு அத்தை ராசாம்பா?” என்று நான் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பீர்கள். கேட்கவில்லை. அவர் எந்த ஊர்? கூட யாராவது வந்தார்களா? எந்தத் தோட்டத்துக்குப் போனார்? அலை தூக்கிப்போட்டபோது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டீர்களா? தீவில் உங்களுக்கு அடுத்து நின்றதும் அவர்தானா? கவிதா இப்போது நோட்டுப் புத்தகத்தோடு வந்து, “பாட்டி கப்பல்ல வந்த கதைய முழுசா சொல்லுங்கம்மா, பிள்ளைக்கு எழுதி வைக்கணும்” என்கிறாள். அரைப் பக்கத்துக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வாசகர் வட்டக் கூட்டம். அன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் நானே போன் போட்டு அழைத்திருக்கிறேன். டைட்டானிக்கைப் பேசப் போவதில்லை. என் அத்தை சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்றுதான் தொடங்குவேன். கணக்கை மட்டும் திருத்திவிட்டு நழுவ மாட்டேன். தீவையும் சொல்வேன், நான் வெட்கப்பட்டதையும் சொல்வேன், மருத்துவமனையில் உளறல் என்று சொன்னதையும் சொல்வேன். பிறகு, ராசாம்பா என்று யார் வீட்டிலாவது ஒருவர் இருந்தாரா என்று கேட்பேன். யாராவது எழுந்து, “எங்கம்மாவும் அந்தக் கப்பல்லதான்...” என்று ஆரம்பித்தால், மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்களைப் பேசவிடாத பாவத்தைச் சுமக்கும்
உங்கள் மருமகள்
சாந்தி