காற்றுக்கு நாலு எழுத்து

நிலவின் தென்முனை, பனிச்சுரங்க முகாம்
மேல் அறைக் குறிப்பு. எழுதுவது: ஜெசிந்தா கஸ்பார், ஒன்பதாம் வகுப்பு.

212ஆம் நாள், காலை 6.05

காற்று இயந்திரம் கேட்ட எழுத்துகள்: எல், எம், என், ஓ. நான்கும் வருகிற ஓர் ஆங்கில வார்த்தை வேண்டும். 'லெமன்' என்று தட்டினேன். "மேல் அறை: தெளிவு" என்று திரையில் வந்தது. 'மெலன்' கூடச் சரிதான். ஒருமுறை கொடுத்த வார்த்தையை அது மறுபடி ஏற்காது. அதனால் மெலனை மிச்சம் வைத்தேன்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். காற்று கெட்டால் முதலில் மங்குவது மூளை. ஆள் மயங்குவதற்கு வெகு முன்பே வார்த்தை தடுமாறும். அதனால் இயந்திரம் மணிக்கு ஒருமுறை மேல் அறைக்கும் கீழ்ச் சுரங்கத்துக்கும் தனித்தனியாக எழுத்து கொடுக்கிறது. சட்டென்று பதில் வந்தால் அந்தப் பக்கம் காற்றைச் சற்றுக் குறைக்கும். திணறினால் கூட்டும். காற்றை வீணாக்காமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. நாமாகத் திருகிக்கொள்ள வழி கிடையாது.

முகாமில் ஏழு பேர். அப்பாவும் மற்ற ஐந்து பேரும் பகலெல்லாம் கீழே பனி வெட்டுகிறார்கள். நான் மேலே திரையில் பாடம் படிக்கிறேன். கீழே எழுத்து வந்தால் அவர்கள் யோசிப்பதில்லை, என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கீழிருந்து, பெனடிக்ட் மாமா: "ஏட்டி டிக்‌ஷனரி, ஹெச்சு, ஓ, எஸ்ஸு, ஈ. சீக்கிரம் சொல்லு, கை நெறைய வேல கெடக்கு."

'ஹவுஸ்' என்றேன்.

"இம்புட்டுதானா? இது எனக்கே தெரியுமே."

தெரிந்தால் ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

212ஆம் நாள், காலை 8.50

தரை அதிர்ந்தது. மேலுக்கும் கீழுக்கும் நடுவில் இருக்கும் கதவின் மேல் பாறை விழுந்து அடைத்துவிட்டது. ஒருவருக்கும் அடியில்லை. பேசும் கம்பி வேலை செய்கிறது. காற்றுத் தொட்டி இரண்டில் ஒன்று விரிசல் விட்டது. மற்றதில் இருப்பதை இயந்திரம் இரண்டு பக்கமும் பங்கிடுகிறது.

வடக்கு முகாமிலிருந்து: "வண்டி கெளம்பிட்டு. சாயங்காலம் கீழ்வாசலுக்கு வந்துரும். தாழ்ப்பாள உள்ள இருந்துதான் எடுக்கணும், வெளிய இருந்து முடியாது. கீழ உள்ளவங்க தெளிவா இருக்கட்டும்."

212ஆம் நாள், பகல் 12.10

அதற்குப் பிறகு கீழே நான்கு முறை எழுத்து வந்தது. நான்கு முறையும் நான் உடனே பதில் சொன்னேன். 'சில்வர்' என்பதற்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை.

பெனடிக்ட் மாமா ஒரே கிண்டலை மூன்றாவது தடவையாகச் செய்கிறார். செய்ததே அவருக்கு நினைவில்லை.

அப்பா: "ஜெசி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிட்டே. கொடைய எடுத்துக்க பிள்ள, மழ வருது."

இங்கே மழை கிடையாது.

திரையைப் பார்த்தேன். "கீழ்ச் சுரங்கம்: தெளிவு. காற்று குறைக்கப்படுகிறது." காலையிலிருந்து அதே வரிதான் வந்திருக்கிறது. நான் மேல் அறைக்கு வந்த வரியை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

அது கீழே இருப்பவர்களைச் சோதிக்கவில்லை. ஆறு பேர் இடத்திலும் என்னைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறது. நான் வேகமாகச் சொல்லச் சொல்ல அது அவர்களுடைய காற்றைக் குறைத்திருக்கிறது.

212ஆம் நாள், பகல் 1.15

இனி பதில் போடாதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். ஏன் என்று இரண்டு முறை விளக்கினேன்.

அப்பா: "பதில் போடலன்னா பெயிலாக்கிரும் பிள்ள. பரீட்சைல்லா? கே, ஆர், எம், ஏ. சொல்லும்மா."

'மார்க்கெட்' என்று நாக்கு நுனி வரை வந்தது. 'பனானா' என்றேன்.

"தப்புங்குதே."

'பப்பாயா' என்றேன். அதுவும் தப்பு என்றது. எனக்கு அழுகை வந்தது. அவர் சந்தேகமே படாமல் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ்ச் சுரங்கம்: மங்கல். காற்று கூட்டப்படுகிறது."

அந்தக் காற்று என் பங்கிலிருந்து போகிறது. நான் தெளிவாகப் பதில் சொல்லும்வரை போகும். நானும் திணறினால் இயந்திரம் கீழிருந்து பாதியை எனக்குத் திருப்பிவிடும். அப்புறம் கீழ்வாசலைத் திறக்கத் தெளிவான ஆளிருக்காது. ஏழு பேரும் உள்ளேயே.

212ஆம் நாள், பகல் 2.00

மூளை நன்றாக இருக்கும்போதே ஓர் ஏற்பாடு செய்தேன். நீளமான வார்த்தையில் ஏறக்குறைய எல்லா எழுத்தும் வந்துவிடும். 'அன்கம்ஃபர்டபிள்', 'ஹவுஸ்வார்மிங்', 'மேனுஃபேக்சரிங்'. அகராதியைப் புரட்டி இப்படிப் பன்னிரண்டு எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இயந்திரம் கேட்கிற நான்கும் எந்த அட்டையில் இருக்கிறதோ, அதைப் பார்த்துத் தட்டினால் போதும். அர்த்தம் தெரியவேண்டியதில்லை.

காலையில் கீழே தெரியாமல் நடந்ததை இப்போது தெரிந்தே எனக்குச் செய்துகொள்கிறேன். எழுதிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அட்டைகள் நேராக ஒட்டப்பட்டிருக்கின்றன.

212ஆம் நாள், மாலை 4.05

தெளிவு என்றது. மூன்று அட்டை போயிற்று. தலைவலி. விரல் நுனி நீலமாக இருக்கிறது.

பெனடிக்ட் மாமா: "ஏட்டி, பனானான்னு எவளாவது சொல்லுவாளா? ஒங்கப்பன் அத வேற எழுத்து எழுத்தா தட்டிருக்கான்."

கீழே சிரிப்புச் சத்தம். அவர்களுக்குத் தெளிந்துவிட்டது. தாழ்ப்பாளைப் பிரித்துப் பார்க்கிறார்களாம், சரியாக இருக்கிறதாம்.

212ஆம் நாள் மாலை 5.05

அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

"ஜெசி. மேல காத்து எவ்வளவு இருக்கு? அந்த முள்ளப் பாத்துச் சொல்லு."

முள்ளைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கும் கீழே நிற்கிறது.

"தப்பாப் போடு பிள்ள. ஒரே ஒரு தடவ தப்பாப் போடு. அப்பா சொல்லுதேன்லா."

வண்டி இன்னும் வரவில்லை. இப்போது தப்பாகப் போட்டால் அவர் மறுபடி மழை வருகிறது என்பார்.

நாலாவது அட்டை. தெளிவு.

212 மாலை 6

கீழே இடிக்கிற சத்தம். வண்டியா பாறையா தெரியல. அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. யாரையோ வைதாங்க. வைய மாட்டாங்க அப்பா.

எழுத்து நாலு வந்திருக்கு. மூணு தெரியுது. நாலாவதுக்குப் பேரு மறந்துட்டு. அந்த உருவம் எந்த அட்டையில இருக்குன்னு ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தேன்.

மாலை

பெனடிக் மாமா: "திறந்தாச்சு ஏட்டி. எல்லாரும் வண்டிக்குள்ள போறோம். மேல சுத்தி வாறோம். இனும பதில் போடாத, கேக்குதா? பிள்ள? போடாத."

போடாத

அட்டை இருக்கு. நேரா இருக்கு. திரையில என்னமோ கேக்குது. கேட்டா சொல்லணும்

படம் மாரி இருக்கு. பாத்துப் பாத்து ஒண்ணொண்ணா தட்டினேன்

மேல் அறை: தெளிவு. காற்று குறைக்கப்படுகிறது.