சிரிக்காத சீமாட்டி

14 அக்டோபர் 1966, வெள்ளி

மழை நின்று ஒரு வாரம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. தாராவி ஆபீஸில் மின்விசிறி ரிப்பேர். விலைப்பட்டியல் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி கூப்பிட்டார். பல்பொடி இந்த வருஷம் ஓடவில்லையாம். நவராத்திரிக்கு மாட்டுங்கா கடை வாசலில் ஒரு விளையாட்டு வைக்கிறார். ஒரு பாக்கெட் வாங்கினால் ஒரு விடுகதை போடலாம். மேடையில் உட்கார்ந்திருக்கும் பெண் சிரித்துவிட்டால் காஞ்சிபுரம் பட்டு பரிசு. பெண், நான். போர்டுகூட எழுதியாகிவிட்டது: ‘சிரிக்காத சீமாட்டி’.

“ரெண்டு வருசமா பாக்கேன், நீ ஒரு நா சிரிச்சதில்ல. ஒனக்கு இது லேசும்மா” என்றார்.

காரணம் அவருக்குத் தெரியாது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. செம்பூர் வீட்டில் என் ஆத்துக்காரர் ரா. வெந்நீர்ச் சொம்பால் அடித்ததில் போனது. அதன் பிறகுதான் அண்ணா வீட்டுக்கு வந்தேன். ரா. இப்போது வேறொருத்தியுடன் அதே வீட்டில்.

சம்மதித்தேன். முடியாது என்றால் டைப்பிஸ்டுக்கு வேறு ஆள்.

வாங்க: ரவை, ஊதுபத்தி, அண்ணாவுக்கு பிளேடு.

16, ஞாயிறு

முதல் நாள். நாற்காலி, ரோஜா மாலை, முகத்துக்கு நேரே விளக்கு. கூட்டம் ரயில்வே பாலம் வரை. “கூட்டம் ஏத்தும், கூட்டமே இறக்கும், டிக்கெட் மட்டும் நம்முது, அது என்ன?” என்று ஒரு கிழவர். லோக்கல் ரயில். நன்றாக இருந்தது. கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டேன்.

வீட்டில் மன்னி தயிர் சாதத்தை நகர்த்தியபடி, “நம்மாத்துல கொலு வைக்கலையேன்னு நெனச்சேன். நீயே போய் உக்காந்துட்டே” என்றாள். அண்ணா பேப்பரில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தான்.

18, செவ்வாய்

கழுத்து வலி. பாக்கெட் பறக்கிறது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

யாரோ என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். ஒரு பாங்கு குமாஸ்தா, நெற்றியில் சந்தனம், மைக்கைப் பிடித்துப் போட்டான்: பூட்டு இருக்கு, சாவி இருக்கு, வீட்டுக்காரன் மட்டும் அடுத்த வீட்டில், யார் அது? கூட்டத்துக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ரயிலும் இல்லை, குழாயடியும் இல்லை. எல்லா விடுகதைக்கும் விடை நானே.

முதலாளியிடம் நிறுத்தச் சொன்னேன். இப்போதுதான் சூடு பிடிக்கிறது என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். ஏலக்காய் டீ.

20, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

ரா. வந்தார். அவளும். பெயர் கமலா என்று மன்னி மூலம் தெரியும். சின்னப் பெண், தலை நிறைய மல்லிகை. ஒரு பாக்கெட் வாங்கினார். மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார், பஜனைக்குப் போல.

“முப்பத்திரண்டு பேர் குடியிருந்த வீடு. ஒருத்தனைத் துரத்தியாச்சு. அன்னிலேர்ந்து வாசக்கதவு திறக்கறதே இல்லை. அது என்ன?”

கூட்டம் என்னென்னவோ கத்தியது. சால் குடியிருப்பு என்றார்கள், சத்திரம் என்றார்கள். கமலா மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். விடை அவளுக்குத் தெரிந்திருந்தது. சொம்புக் கதையை அவளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது சொல்லியிருப்பார்.

நான் சிரித்தேன். வாயை முழுசாகத் திறந்து, விளக்குக்கு நேராக. எழுந்துபோய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

“விடை என் வாய். துரத்தினது இவர்தான், என் ஆத்துக்காரர். சொம்பால அடிச்சார். இவர் ஜெயிச்சுட்டார், புடவையைக் கொடுங்கோ.”

பின்னாலிருந்து ஒருவன், “அரே, பல்பொடிக்காரி பல்லைப் பாரு!” என்றான். அவ்வளவுதான், பாலம் வரைக்கும் சிரிப்பு. அவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. முன்வரிசை மாமிகள் சிலர் மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி புடவைப் பெட்டியை அவர் கையில் திணித்தார். வாங்காமல் போக முடியவில்லை. காது மடல்வரை கறுத்துப்போன முகத்தோடு கமலாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

நன்றாக இருந்தது. பொய் எழுதுவானேன். ரொம்ப நன்றாக இருந்தது.

21, வெள்ளி

சீட்டு கிழியும் என்று போனேன். கிழியவில்லை. நேற்று ராத்திரி மிச்சமிருந்த சரக்கெல்லாம் தீர்ந்ததாம். முதலாளி புது போர்டு காட்டினார். பெயிண்ட் காயவில்லை. ‘நம் பொடி போடாதவர் கதி’.

“இனி சிரிக்காம இருக்காண்டாம். வாயத் தொறந்து உக்காந்தா போதும். சம்பளம் கூட்டித் தாரேன்.”

மேஜைமேல் இருந்த என் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குர்லாவில் ஒரு பட்டறையில் டைப்பிஸ்ட் வேண்டுமாம், விசாரிக்க வேண்டும். மன்னியிடம் இன்னும் சொல்லவில்லை.

24, திங்கள்

புழுக்கம். அண்ணாவும் மன்னியும் கோயிலுக்கு. அரிசி களைந்துகொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம். கமலா.

மேலுதடு வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. வியாழனன்று மேடையில் நடந்ததற்கு அவளுக்குக் கிடைத்தது. தினமும் கிடைக்கிறது. அழவில்லை, மெதுவாகத்தான் பேசினாள். பிறந்த வீட்டில் சேர்க்க மாட்டார்களாம். கடைக்குப் போகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறாள், அவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் திரும்ப வேண்டும்.

“நீங்க எப்படி வெளில வந்தேள்? யார்கிட்ட போனேள்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

எனக்குத் தெரியும். செம்பூரில் கீழ்வீட்டு மராத்தி நர்ஸம்மா. ரத்தத்தைத் துடைத்து, ராத்திரி தன் கட்டிலில் படுக்கவைத்து, விடிந்ததும் ரயிலேற்றிவிட்டவள். அந்தக் கதவைத் தட்டினால் போதும்.

“அன்னிக்கு மேடைக்குக் கீழே நின்னுண்டு சிரிச்சியே, எதுக்கு?” என்று கேட்டேன்.

கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்தினேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம், நின்று நின்று இறங்கியது.

மன்னி வந்து, படியில் யாரோ ஒரு பெண் போனாளே, யார் என்றாள். விலாசம் தப்பி வந்தவள் என்றேன்.

சாதம் குழைந்துவிட்டது. நர்ஸம்மாவுக்கு இந்த வாரம் பகல் டூட்டியா, ராத்திரி டூட்டியா, தெரியாது.