அணைய வேண்டிய வெளிச்சம்

மார்ச் 4
இன்றும் நுண்ணோக்கியில் செல்களெல்லாம் பச்சையாக எரிகின்றன. ஆய்வகத்தை நடத்தும் சார் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "இன்னும் கொஞ்சம் பளிச்னு கிடைக்குமாம்மா? மாநாட்டுல பெரிசா மாட்டணும்." தலையாட்டினேன். இந்தப் படம் எடுபட்டால்தான் என் வேலை அடுத்த வருஷமும் நீடிக்கும்.

மார்ச் 7
ஊரிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் போனில் கேட்பது ஒன்றுதான்: "எரிஞ்சுதா?" டி.என்.ஏ. அறுந்தால் ஒட்டவைக்க ஒரு நொதி ஓடி வரும். மருந்து அந்த நொதியை மடக்கிவிட்டால் புற்றுநோய்ச் செல் செத்துப்போகும். மருந்து எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்கத்தான் அதற்கு ஒளிரும் வால் கட்டியிருக்கிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, எரிஞ்சுதா இல்லையா?"

மார்ச் 11
தள்ளிப்போட்டு வந்த சோதனையை இன்று செய்தேன். வாலில்லாத மருந்தை முதலில் கொடுத்து நொதியில் இருக்கும் இடத்தையெல்லாம் அடைத்துவிட வேண்டும். பிறகு வால் கட்டியதைக் கொடுத்தால் அதற்கு உட்கார இடமிருக்காது, கழுவினால் போய்விடும். செல் இருட்டாக வேண்டும்.

ஆகவில்லை. அப்படியே எரிகிறது.

மார்ச் 12
அப்படியானால் இத்தனை நாளும் எதைப் படம் பிடித்தேன்? கண்ட இடத்தில் ஒட்டிய சாயத்தையா?

மார்ச் 14
சாரிடம் சொன்னேன். "படத்த அனுப்பியாச்சேம்மா." பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். "திங்கக்கிழமை வரைக்கும் பாரு. இல்லன்னா திருப்பி வாங்கிடறேன்." வாங்கினால் என் வேலையும் போச்சு. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 15
மறுபடியும் எரியுது. கழுவிக் கழுவிப் பார்த்தேன், செல்தான் தட்டுலேர்ந்து உரிஞ்சு வந்துச்சு. என்னால முடியல. பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

மார்ச் 16
பழைய படங்களை வரிசையாகப் பார்த்தேன். சார் பளிச்சென்று கேட்ட ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவை ஏற்றியிருக்கிறேன். உட்கார இடம் கொஞ்சம்தான்; நான் அனுப்பியதோ பெருங்கூட்டம். மிச்சமெல்லாம் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டதா? அளவை வெகுவாகக் குறைத்து, இடத்தை அடைக்காமல் ஒன்று, அடைத்து ஒன்று என மறுபடி இரண்டு தட்டு போட்டேன். இதுவும் இல்லையென்றால் என்னிடம் வேறொன்றும் இல்லை.

மார்ச் 17
முதல் தட்டில் செல்லின் நடுவில், டி.என்.ஏ. இருக்கும் இடத்தில் மட்டும், மங்கலாகக் கொஞ்சம் வெளிச்சம். மாநாட்டில் மாட்டினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். இடத்தை அடைத்த தட்டை வைத்தேன். ஒன்றுமில்லை, முழு இருட்டு. சாதாரண விளக்கில் பார்த்தால் செல்களெல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. சார் குனிந்தவர் நிமிரவேயில்லை. "ரெண்டையும் சேத்தே மாட்டுவோம்மா."

போன் வந்தது. "எரிஞ்சுதா?"

"எரியல," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரி விடு. பெட்டியக் கட்டி வை. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அழுகையும் சிரிப்புமாக விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட்டே எடுத்துவிட்டார். வரட்டும்.