கிரேக்கம் பாதி, லத்தீன் பாதி

மச்சான்,

காலைல என் புள்ள நம்ம பழைய டிவிய காயலான் கடைல போட வெளில இழுத்தான். பின்மூடி கழண்டு வுழுந்துச்சு. ஈயம் பத்தவெச்ச அந்த வாசன குப்புன்னு வந்துச்சு பாரு, நீயே பக்கத்துல வந்து குந்திக்கினா மாதிரி ஆய்ப்போச்சு.

உங்கிட்ட சொல்லாம எனக்கு இருப்புக் கொள்ளல. உன் பேரனும் என் பேத்தியும் கட்டிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. உன் வூட்ல சரின்னுட்டாங்க. என் புள்ளதான் முறுக்கிக்கினு கீறான். "சர்ச்சு ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், ஒட்டாதுப்பா"ன்றான். பேஜாரு! பேத்தி சோறே சரியா துன்றதில்ல.

சிட்லபாக்கத்துல நம்ம டிவி ரிப்பேர் கடைல இன்னா பண்ணோம்? ஒரு கம்பெனி பிக்சர் டியூப்பு, இன்னொரு கம்பெனி போர்டு. சேரவே சேராதும்பானுங்க. நீ கண்ணாடிய மூக்கு நுனில வெச்சுக்கினு ஒயர மாத்தி மாத்திக் கோப்ப. "பேர பாக்காத மச்சான், படம் வருதா பாரு"ம்ப. உன் ஜெபம் ஒரு பக்கம், என் கற்பூரம் ஒரு பக்கம், நடுவுல பொட்டி முழிச்சிக்கும்!

இன்னிக்கு பேத்தி அந்தப் பொட்டி மேல கைய வெச்சுக்கினு அப்பன்கிட்ட கேட்டா: "டெலிவிஷன்ற பேரு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமாப்பா? டெலி கிரேக்கம், தூரம்னு அர்த்தம். விஷன் லத்தீன்லேர்ந்து வந்தது, பாக்கறது. ரெண்டு பாஷைய கலந்து வெச்ச பேருன்னு படிச்சவங்க சில பேரு அப்பவே மூஞ்ச சுளிச்சாங்களாம்."

துள்ளிக் குதிச்சிட்டேன் மச்சான்! அஞ்சாங்கிளாஸ் தாண்டாத நாம, கிரேக்கத்தையும் லத்தீனையும் ஸ்க்ரூ டிரைவரால குத்திக்கினு இருந்திருக்கோம்!

"அதுக்கும் கல்யாணத்துக்கும் இன்னா சம்பந்தம்?"னான் என் புள்ள.

"சம்பந்தம்தான்டா பேசணும்ன்றேன்! டெய்லி டிவில நியூஸ் பாக்கறியே, பேரு கலப்படம்னு எழுந்து போயிட்டியா? சின்ன வயசுல யாரு மடில குந்திக்கினு இதப் பாத்த, சொல்லு?"ன்னேன் நான்.

உன் மடிலதான். அவன் பின்மூடிய எடுத்து மாட்டி, வூட்டுக்குள்ள தூக்கினு போனான். உள்ளேர்ந்து மெதுவா, "ஞாயித்துக்கெழம சர்ச்சுல அவங்க பூசை எத்தினி மணிக்கு முடியும்?"னான்.

ராஜகீழ்ப்பாக்கத்துல உன் வூட்டுக்கு தட்டு தூக்கினு வர்றோம்டா! ஆனா நான் பொண்ணு வூட்டு ஆளா குந்த மாட்டேன். மாப்ள வூட்டுப் பக்கம், நீ இல்லாத உன் நாற்காலிலதான். "வாழப்பழம் இத்தினியூண்டு கீதே, எங்க பையன் அவ்ளோ எளப்பமா?"ன்னு என் புள்ளையவே ஒரு புடி புடிக்கப் போறேன். உன் பங்கு வம்பையும் நான்தான மச்சான் பேசணும்.